முதலில் கேபிளைக் கழற்றுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் புழு (வொர்ம்) என்னும் தீய நிரல் புகுந்துவிட்டது என்று யாராவது பதறி அழைத்தால், நான் முதலில் சொல்வது இதுதான்: நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். ஸ்கேன் செய்வதெல்லாம் அப்புறம்.

வைரஸ் ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு, அதை யாராவது திறக்கும்வரை காத்திருக்கும். புழுவுக்கு யாரும் எதையும் திறந்துவிட வேண்டாம். மென்பொருளில் ஓட்டை இருந்தால் தானே நுழைந்துவிடும், அங்கிருந்தே அடுத்த கணினியைத் தேடத் தொடங்கும். 2003 ஜனவரியில் பரவிய ஸ்லாமர் புழுவின் மொத்த அளவு 376 பைட். எழுதினால் நாலைந்து வரிதான் வரும். 10 நிமிடத்தில், உலகம் முழுக்க அந்த ஓட்டையோடு இருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. இத்தனைக்கும் அது ஹார்ட் டிஸ்கில் தங்கவே இல்லை. கணினியை அணைத்துப் போட்டாலே அழிந்துவிடும். ஆனால் ஓட்டையை அடைக்காமல் மறுபடி இணைத்தால், சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். புழுவை விரட்டுவது பாதி வேலை, அது வந்த வழியை அடைப்பதுதான் மீதி என்று அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கான்ஃபிக்கர் புழு பரவிய காலம். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபரிலேயே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், கொடுத்திருந்தது. புழு வந்தது நவம்பரில். ஓர் அலுவலகத்தில் இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாகச் சுத்தம் செய்து, பேட்சும் போட்டேன். காலையில் பார்த்தால் பழைய கதைதான். மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன, ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை. கான்ஃபிக்கரின் அடையாளமே அதுதான்.

தேடிப் பார்த்தேன். மூலையில் பிரிண்டருக்காக வைத்திருந்த பழைய கணினியை விட்டுவிட்டிருந்தேன். எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு, 12345. அந்தப் புழு தன்னோடு ஒரு பாஸ்வேர்டு பட்டியலையே கொண்டுவரும், அதில் இதுவும் உண்டு. ஓட்டை அடைபட்டிருந்தும், சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள். புழு இல்லாத வேறொரு கணினியில் பேட்சையும் நீக்கும் கருவியையும் இறக்கி, சிடியில் எழுதிக்கொள்ளுங்கள். பென்டிரைவ் என்றால் எழுத முடியாதபடி பூட்டு உள்ளதாக இருக்கட்டும். கான்ஃபிக்கர் பென்டிரைவிலும் ஏறிக்கொள்ளும். செருகியதும் வரும் பெட்டியில் மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு, 'ஃபோல்டரைத் திற' என்று இரண்டு வரி தெரியும். ஒன்று விண்டோஸ் காட்டுவது, மற்றது புழு வைத்த பொறி. ஆகவே ஆட்டோரனை, அதாவது செருகியதும் தானே இயங்கும் வசதியை, முடக்கிவிடுங்கள்.

நீக்கியபின் பேட்ச் போடுங்கள், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாகக் கடினமான பாஸ்வேர்டு வையுங்கள். மூலையில் கிடக்கும் கணினியையும் எண்ணிக்கையில் சேருங்கள். கடைசியில் ஒன்றை மட்டும் இணைத்து, ஆன்டிவைரஸ் தளம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அடுத்ததை இணைக்கலாம்.

நன்றி, வணக்கம்.