கணினியில் 40 பெட்டி, ரேக்கில் ஒன்றுமில்லை: சூப்பர்மார்க்கெட் கிடங்கில் பயிற்சிக்குச் சேர்பவர்களுக்கு

[காட்சி: சூப்பர்மார்க்கெட் அலமாரி. நிறைந்த வரிசைகளுக்கு நடுவே ஒரே ஒரு வெற்றிடம். விலைச்சீட்டு மட்டும் தனியாக நிற்கிறது.]

குரல்:
இந்த வெற்றிடத்தைப் பாருங்கள். பொருளைத் தேடி வந்தவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டார். கடை ஊழியர் கணினியைப் பார்க்கிறார். கிடங்கில் 40 பெட்டிகள் இருப்பதாகக் காட்டுகிறது. கிடங்கில் ஒருவர் பதிவு சொல்லும் ரேக்குக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறார், அங்கே ஒன்றுமில்லை. யாரும் திருடவில்லை, எதுவும் உடையவுமில்லை. அந்த 40 பெட்டிகளும் பக்கத்து ரேக்கில், கணினி காலி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தில், பத்திரமாக இருக்கின்றன. இரண்டு நாட்களுக்கு முன்பு யாரோ ஒருவர் ஓர் இடத்தின் பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டு, சரக்கை அடுத்த இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டார்.

பயிற்சியில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் அந்த ‘யாரோ ஒருவர்’ நான்தான்.

கிடங்கு வேலை என்றால் உறவினர்கள் “பெட்டி தூக்குவதுதானே” என்பார்கள். பெட்டி தூக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் கணினியில் ஒரு நிழல் இருக்கிறது. பெட்டி நகரும்போது நிழலும் கூடவே நகர வேண்டும். இந்த இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நீங்கள் கற்கப்போகும் தொழில். வேலையில் சேர்ந்த முதல் நாளே இதை எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

[காட்சி: லோடிங் பே, அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் மேடை. லாரி பின்பக்கமாக வந்து ரப்பர் தடுப்பில் முட்டி நிற்கிறது.]

குரல்:
சரக்கு நம் பொறுப்புக்குள் வருவது இங்கேதான். கதவைத் திறக்கும் முன் லாரிச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாயிற்றா என்று பாருங்கள். இறக்கி முடித்தாயிற்று என்று நினைத்து ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டால், லாரிக்கும் மேடைக்கும் நடுவே இடைவெளி திறந்துகொள்ளும். உள்ளே போய்க்கொண்டிருக்கும் ஃபோர்க்லிஃப்ட், அதாவது சரக்குத் தூக்கும் வண்டி, அதில் விழும். உயிர் போகும் விபத்து இது. லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே சரக்கை இறக்கும் கிடங்குகள் உண்டு. கதவைத் திறக்கும் முன்பே அதன் முத்திரை எண்ணையும் காகிதத்தில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

இப்போது எண்ணிக்கை. பேலட்டில், அதாவது பெட்டிகளை அடுக்கும் சுமைப்பலகையில், இருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ண மாட்டோம். ஓர் அடுக்கில் எத்தனை பெட்டி, மொத்தம் எத்தனை அடுக்கு என்று பார்த்துப் பெருக்குவோம். அடுக்குக்கு 8, ஐந்து அடுக்கு, ஆக 40. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சில அடுக்கு முறைகளில் நடுவே புகைபோக்கி போல ஓர் ஓட்டை இருக்கும். வெளியிலிருந்து பார்த்து, நீளத்தை அகலத்தால் பெருக்கினால் அந்த ஓட்டையையும் பெட்டியாக எண்ணிவிடுவீர்கள். மேலடுக்கை ஒருமுறை கண்ணால் பாருங்கள். மேலே நிறைவாக இல்லாவிட்டால் பெருக்கலை நம்பாதீர்கள்.

[காட்சி: பேலட்டின் பக்கத்தில் ஒட்டிய பெரிய சீட்டு. ஸ்கேனரின் சிவப்புக் கோடு அதன்மேல் விழுகிறது.]

குரல்:
இந்தச் சீட்டில் 18 இலக்க எண் ஒன்று இருக்கிறது. இது பேலட்டுக்கு உரிய எண்; சமகாலத்தில் உலகின் எந்தக் கிடங்கிலும் இன்னொரு பேலட்டுக்கு இதே எண் இருக்காது. பெட்டிக்குள் இருக்கும் பொருளின் மேல் வேறோர் எண் இருக்கும். பெரும்பாலும் 13 இலக்கம். ஒன்று ‘இந்தச் சுமை’, மற்றது ‘இந்தப் பொருள்’. புதிதாக வருகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

பொருளின் மேல் பார்கோடு அச்சடித்துக் கடைக் கவுண்டரில் ஸ்கேன் செய்யும் வழக்கம் 1974 ஜூன் 26 அன்று தொடங்கியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்னும் ஊரின் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தை அப்படி விற்றார்கள். பேலட் எண், பொருள் எண் இரண்டிலும் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. மற்ற இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து அந்த இலக்கத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். எந்த ஓர் இலக்கம் தவறிப்போனாலும் அது பிடித்துவிடும்.

ஆனால் கவனியுங்கள். எண் தவறாக இருந்தால்தான் அது பிடிக்கும். சரியான எண்ணைத் தவறான இடத்தில் ஸ்கேன் செய்தால் கருவி மகிழ்ச்சியாகப் பீப் அடிக்கும். என் 40 பெட்டிகள் அப்படித்தான் காணாமல் போயின. பீப் சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிட்டேன். பேலட்டைத் தூக்கி வந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் நான் கைகாட்டிய இடத்தில் வைத்தார். நான் ஸ்கேன் செய்தது அதற்கு இடப்பக்கத் தூணில் இருந்த சீட்டை.

அது எப்படிக் கிடைத்தது தெரியுமா? கணினி அந்த இடத்தைக் காலி என்று நினைத்து, வேறொரு பேலட்டை அங்கே வைக்க ஓட்டுநரை அனுப்பியது. அவர் போய்ப் பார்த்தால் இடம் நிறைந்திருக்கிறது. தொலைந்த சரக்கு பல நேரங்களில் இப்படித்தான் கிடைக்கிறது. என் மேற்பார்வையாளர் வயதில் பெரியவர். திட்டவில்லை. “தம்பி, வா, நடந்து பார்க்கலாம்” என்று அழைத்துப்போய், அந்த வரிசை முழுக்க ஒவ்வோர் இடத்தின் எண்ணையும் என்னை வாய்விட்டுப் படிக்க வைத்தார். அன்றிலிருந்து ஸ்கேன் செய்யும் முன் எண்ணை மனதுக்குள் படிக்கிறேன்.

[காட்சி: ஒரு பணியாளர் தலையில் ஹெட்செட். கையில் எதுவும் இல்லை. காதில் கேட்கும் இட எண்ணை நோக்கி நடக்கிறார்.]

குரல்:
கடைகள் கேட்ட சரக்கை ரேக்கிலிருந்து எடுப்பதைப் பிக்கிங் என்கிறோம். பயிற்சியின் பெரும்பகுதி இதில்தான் கழியும். கீழ்த்தட்டு எடுக்கும் இடம், மேல்தட்டுகள் இருப்பு. கீழே தீர்ந்தால் மேலிருந்து இறங்கும். பல கிடங்குகளில் குரல்தான் வழிகாட்டி. எந்த வரிசை, எந்த இடம் என்று காதில் சொல்லும். அங்கே போய் ரேக்கில் எழுதியிருக்கும் இரண்டு அல்லது மூன்று இலக்கச் சரிபார்ப்பு எண்ணை நீங்கள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் எத்தனை பெட்டி எடுப்பது என்று அடுத்த கட்டளை வரும்.

சில மாதங்கள் போனால் அந்த எண்கள் மனப்பாடம் ஆகிவிடும். ரேக்கை அடையும் முன்பே, நடந்துகொண்டே சொல்லிவிடலாம். நேரம் மிச்சமாகும், வேகக் கணக்கு உயரும். தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் அங்கே நிற்கிறீர்கள் என்பதற்கு அந்த எண்தான் ஒரே சாட்சி. இதனால்தான் சரிபார்ப்பு எண்களை அவ்வப்போது மாற்றுகிறார்கள். மாற்றிய அன்று யார் பார்த்துச் சொல்கிறார், யார் மனப்பாடமாகச் சொல்கிறார் என்பது தெரிந்துவிடும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உணவுப் பொருளுக்கு அது போதாது. நேற்று வந்த பேலட்டைவிட இன்று வந்த பேலட்டின் காலாவதித் தேதி முந்தியதாக இருக்கலாம். முதலில் காலாவதியாவதுதான் முதலில் போக வேண்டும். அதற்குச் சரக்கு வரும்போதே தேதியைச் சரியாகப் பதிந்திருக்க வேண்டும்.

[காட்சி: பேலட்டின் மேல் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. மேலிருந்து பார்க்கும் கோணம்.]

குரல்:
எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அடுக்குவது ஒரு கலை என்பார்கள். உண்மையில் அது ஒரு கணக்கு.

அட்டைப்பெட்டியின் வலிமை அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. நடுப்பக்கம் அழுத்தினால் வளைந்துகொடுக்கும், மூலைதான் தாங்கும். மூலைக்கு நேர்மேல் மூலை வருமாறு தூண் போல அடுக்கினால் பெட்டி அதிகச் சுமை தாங்கும். செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு சரியாமல் நிற்கும், ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் பலவீனமான நடுவில் உட்காரும். ஒன்றில் பலம், மற்றதில் பிடிப்பு. அதனால் ஒரே பொருள் நிறைந்த பேலட்டில் கீழடுக்குகளைத் தூணாக வைத்து, மேலடுக்கை மட்டும் மாற்றி வைப்பதுண்டு. பெட்டி பேலட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மூலை காற்றில் நின்றால் அதற்குப் பலமே இல்லை. ஈரக்காற்றில் அட்டை இன்னும் தளரும். காலையில் நேராக நின்ற அடுக்கு மாலையில் சாய்ந்திருந்தால் ஈரத்தையும் சந்தேகப்படுங்கள்.

கடைக்குப் போகும் ரோல் கேஜில், அதாவது சக்கரம் வைத்த கம்பிக் கூண்டில், எல்லாம் கலந்து வரும். கனமானது கீழே, நசுங்குவது மேலே, திரவம் நிமிர்ந்து. கசிந்தால் கெடுக்கும் சோப்புத் தூளும் ப்ளீச்சும் உணவுக்கு மேல் வரவே கூடாது. ரேக்குகளின் வரிசையையே கனமான பொருள் முதலில் வரும்படி அமைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நன்றாக யோசித்து அமைத்த கிடங்கில், காதில் சொல்லும் வழியில் நடந்தாலே கேஜ் பாதி சரியாக அமைந்துவிடும்.

[காட்சி: உறைபதன அறையின் கதவு. மூச்சு வெண்ணிறமாக வெளியேறுகிறது.]

குரல்:
உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். உள்ளே வேலை செய்பவருக்குத் தடித்த உடையும் குறித்த இடைவெளியில் வெளியே வந்து சூடேற்றிக்கொள்ளும் ஓய்வும் கட்டாயம் தேவை. அது சலுகை அல்ல. சரக்கைத் தொடக்கம் முதல் கடைசிவரை குளிரிலேயே வைக்கும் குளிர்ச் சங்கிலி, அறையில் அறுவதைவிட மேடையில் அறுவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். இரண்டு அறைகளுக்கு நடுவே, ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று விட்டுவைத்த பேலட்டில் பனி உருகும், பிறகு மீண்டும் உறையும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

எல்லாவற்றையும் குளிரில் வைப்பதும் தவறு. வாழைப்பழத்தை ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடும். ஆப்பிள் எத்திலீன் என்னும் வாயுவை விடும். அது பக்கத்தில் இருக்கும் காய்களையும் கீரைகளையும் சீக்கிரம் பழுக்கவும் வாடவும் வைக்கும்.

[காட்சி: முதுகு வளைந்து, கையை நீட்டி, பேலட்டின் பின்மூலையிலிருந்து பெட்டியை இழுக்கும் ஒருவர். காட்சி உறைகிறது.]

குரல்:
இந்தக் கோணத்தைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்த தூக்கும் சூத்திரத்தில் உச்ச எடை 23 கிலோ. அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால்தான்: பெட்டி உடலை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பைத் திருகக் கூடாது, பிடி நன்றாக இருக்க வேண்டும். கணுக்காலிலிருந்து கையின் கிடைத்தூரம் 25 சென்டிமீட்டர் என்றால் முழு 23 கிலோ. 50 சென்டிமீட்டர் ஆனால் அதில் பாதி, 11.5 கிலோதான். பெட்டி அதேதான், எட்டிப் பிடித்ததால் முதுகுக்கு அது இரட்டிப்பாகிறது. எட்டாதீர்கள். சுற்றி மறுபக்கம் போங்கள். மூன்று விநாடி செலவாகும், முதுகு மிஞ்சும்.

ஃபோர்க்லிஃப்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயிற்சி முடிந்து அனுமதி வாங்கும்வரை இருக்கையில் ஏறாதீர்கள், யார் சொன்னாலும். அதன் நிலைப்பு ஒரு முக்கோணத்தில் நிற்கிறது: முன்சக்கரங்கள் இரண்டு, பின்அச்சின் நடுப்புள்ளி ஒன்று. வண்டியும் சுமையும் சேர்ந்த பாரமையம் அந்த முக்கோணத்தைத் தாண்டினால் வண்டி கவிழும். திரும்புவதும் பின்சக்கரம்தான், அதனால் பின்பக்கம் எதிர்பாராத வேகத்தில் வீசும். நடந்து போகும் உங்களுக்கு இதில் ஒரே விதி போதும்: ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, அவர் உங்களைப் பார்த்தார் என்று தெரிந்த பிறகே குறுக்கே போங்கள்.

[காட்சி: ஒரு குறிப்பேடு. கையால் எழுதிய தேதிகள்.]

குரல்:
பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம்? முடிவில் என்ன சான்றிதழ்? கற்பிக்கும் பொறுப்பு யாருடையது? வரவு, இருப்பு, பிக்கிங், குளிர்ப்பகுதி, அனுப்புதல், திரும்பி வரும் சரக்கு ஆகிய அனைத்தையும் சுற்றி வந்தால்தான் அது பயிற்சி. வருடம் முழுவதும் பிக்கிங்கிலேயே நிறுத்திவைத்தால், குறைந்த சம்பளத்துக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார் என்றுதான் பொருள். என்ன கற்றீர்கள் என்பதைத் தேதியோடு நீங்களே எழுதி வையுங்கள். பேச வேண்டிய நாள் வரும்போது அந்த நோட்டு பேசும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: கடையில் ஒரு நாள் வேலை செய்ய அனுப்புவார்களா என்று. நான் கேட்டுப் போனேன். விடியும் முன்பு, கடை திறப்பதற்கு முன்னால், அங்கிருந்த ஒரு பெண் ஊழியர் ரோல் கேஜ்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த கனமான பெட்டியை அவர் தலைக்கு மேலே கையுயர்த்தி இறக்கினார். அதற்கு அடியில் ஒரு பெட்டி நசுங்கி, உள்ளே இருந்தது கசிந்து, அதற்கும் கீழே இருந்த இரண்டையும் நனைத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஈரத்தைத் துடைத்து, கெட்டதைத் தனியே வைத்து, குறிப்பேட்டில் எழுதினார். கேஜின் சீட்டில் அதை அடுக்கியவரின் பணியாளர் எண் அச்சாகியிருக்கும். நான் குனிந்து பார்த்தேன். என் எண் இல்லை. என் பக்கத்து வரிசையில் வேலை செய்பவருடையது. அடுத்த கேஜின் சீட்டில் என் எண் இருந்தது. அதை அவர் பிரிக்கும்போது நானும் கூட நின்று, மேலிருந்து ஒவ்வொரு பெட்டியாக வாங்கி இறக்கினேன்.