கடக்கரை வீட்டுக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

வணக்கம் மக்களே. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து ஒரே கேள்விதான் வந்துக்கிட்டு இருக்கு. "அண்ணே, காலேஜ் சேரப் போறேன், லேப்டாப் வாங்கவா, டெஸ்க்டாப் வாங்கவா?" நம்ம ராமநாதபுரம் கடக்கரைப் பக்கம் மண்டபத்துல ஒரு தங்கச்சி, கீழக்கரையில ஒரு அக்கா, தொண்டியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன், எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. யூடியூப்ல இதுக்கு வீடியோ கொட்டிக் கிடக்கு. ஆனா அதெல்லாம் ஏசி ரூம்ல உக்காந்து பேசுறவங்க சொல்றது. நம்ம பக்கம் முதல்ல பாக்க வேண்டியது ப்ராசஸர் இல்ல, கடல்ல இருந்து வர்ற உப்புக் காத்து.

கிட்ட காட்டுறேன், பாருங்க. இது பாம்பன்ல தென்கடலப் பாத்த ஒரு வீட்டு டெஸ்க்டாப்போட கேபினெட், அதாவது பெட்டி. சைடு மூடியக் கழட்டியாச்சு. பின்பக்க ஸ்க்ரூ பூராவும் துரு, விரல் வச்சா பொடியா வருது. இப்ப ரேம், அதான் மெமரி அட்டைய எடுக்கிறேன். இந்தத் தங்க நிறப் பல்லு வரிசையில ஓரத்துப் பல்லு மட்டும் மங்கிப் போயிருக்குல்ல? போர்டுல இந்த மூலையில பச்சையா ஒட்டியிருக்கே, அது பாசி இல்ல, செம்பு அரிச்ச பச்சை. இத்தனைக்கும் மெஷின் அதிகம் ஓடவே இல்ல. பையன் வெளியூர்ல படிக்கப் போயிட்டான், மாசக்கணக்குல சும்மா கிடந்திருக்கு.

சும்மா கிடந்ததுதான் கெடுத்துச்சு. உப்புக்கு ஒரு குணம் இருக்கு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தத் தாண்டுனா அது தண்ணிய இழுத்துக் கசிய ஆரம்பிச்சிரும். நம்ம ஊர் ராத்திரியில அது சர்வ சாதாரணம். மெஷின் ஓடும்போது உள்ள சூடு இருக்கும், ஈரம் தங்காது. அணைச்சுப் போட்டா ஃபேன் இழுத்து வச்ச உப்பு அப்படியே போர்டு மேல நனைஞ்சு உக்காரும். 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டுச்சு. நம்ம வீட்டு மெஷின் எம்மாத்திரம்?

அதனால படிக்கிற பிள்ளைங்களுக்கு என் பதில் லேப்டாப்தான். தூக்கிட்டுப் போகலாம்ங்கிறதுக்காக மட்டும் சொல்லல. வேலை முடிஞ்சதும் சூடு ஆறவிட்டு, பையில போட்டு ஜிப்ப இழுத்து, பீரோவுல வச்சிரலாம். டெஸ்க்டாப் ராத்திரி பகலா காத்தப் பாத்து நிக்கும். சோழகம் அடிச்சா தெக்கு ஜன்னல், வாடை அடிச்சா வடக்கு ஜன்னல், எதையாவது ஒன்னத் திறந்துதான ஆகணும்?

அடுத்து கரண்டு. ஐப்பசி, கார்த்திகையில மழையும் காத்தும் வந்தா எப்ப போகும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. சின்ன 600 விஏ யூபிஎஸ்ல இருக்கிறது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. அது டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் 10, 15 நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான். சேவ் பண்ணி அணைக்கத்தான் அது. லேப்டாப் கம்மியா கரண்டு குடிக்கிறதால நல்ல பேட்டரின்னா நாலு மணி நேரம் எழுதலாம்.

ஆனா தொண்டி அண்ணே, உங்களுக்கு டெஸ்க்டாப்தான். கடையில காலையில போட்டா ராத்திரி வரைக்கும் ஓடும், அந்தச் சூடே அதுக்குக் காவல். இன்னொன்னு, உப்பு பிடிச்சாலும் டெஸ்க்டாப்ப ஒவ்வொரு உறுப்பா காப்பாத்தலாம். உள்ள கரண்டு குடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி போச்சா, அத மட்டும் மாத்து. ரேம் பல்லு மங்கிச்சா, அழி ரப்பர்ல மெதுவா தேச்சு மாட்டு, பெரும்பாலும் உயிர் வந்துரும். லேப்டாப்ல பல மாடல்ல ரேமையே கழட்ட முடியாதபடி போர்டோட ஈயத்துல பத்த வச்சிருப்பாங்க. போர்டு அரிச்சா ராமநாதபுரமோ மதுரையோ தூக்கிட்டு ஓடணும், அப்பவும் புது போர்டு விலை சொல்வாங்க. வீடியோ எடிட்டிங் பண்றவங்களும் டெஸ்க்டாப் பக்கம் போங்க, அதே காசுக்கு வேகம் கூட. ஜன்னலுக்கு எதிரயும் வைக்காதீங்க, தரையிலயும் வைக்காதீங்க. தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்க. ஓடும்போது துணி போட்டு மூடிராதீங்க.

பழசு வாங்குறவங்களுக்கு ஒன்னு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11 முறையா ஏறணும்னா இன்டெல் ப்ராசஸர்ல பொதுவா எட்டாவது தலைமுறையாவது வேணும். அதுக்குக் கீழ உள்ளத எவ்வளவு பாலிஷ் போட்டுக் காட்டினாலும் யோசிங்க. காசு குடுக்கிறதுக்கு முன்னாடி சார்ஜர் குத்துற ஓட்டையிலயும் யூஎஸ்பி வாயிலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள பச்சை தெரிஞ்சா, என்ன விலை குறைச்சாலும் வேண்டாம்னு வந்துருங்க. சரி மக்களே, அடுத்த வீடியோவுல பாப்போம்.