ஸ்பீக்கருக்கு இரட்டை வயர் தேவையா?

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையிலிருந்து பேசுகிறேன். இன்று காய் வெட்டு நடப்பதால் பின்னால் தேங்காய் விழும் ஓசை அவ்வப்போது கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரின் பின்புறத்தை அருகில் காட்டுகிறேன். வழக்கமாக வயர் மாட்டும் டெர்மினல் இரண்டு இருக்கும் இடத்தில் இதில் நான்கு உள்ளன. மேல் இணை கீச்சொலி தரும் சிறிய டுவீட்டருக்கும் கீழ் இணை கனத்த ஒலி தரும் பெரிய வூஃபருக்கும் உரியவை; இரண்டையும் சேர்க்கும் இந்தப் பித்தளைத் தகட்டைத்தான் ஜம்பர் என்கிறோம். தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரே ஆம்ப்ளிஃபையரிலிருந்து இரு இணைகளுக்கும் தனித்தனி வயர் இழுப்பதே பை-வயரிங்.

வூஃபர் இழுக்கும் பெரிய மின்னோட்டம் பொது வயரில் ஏற்படுத்தும் மின்னழுத்த இறக்கம் டுவீட்டரைப் பாதிக்கிறது, வயரைப் பிரித்தால் அந்தத் தொல்லை நீங்கிவிடும் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். கோட்பாட்டளவில் அதில் பிழையில்லை. ஆனால் அந்த இறக்கம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை மூன்று மீட்டர் இழுத்தால், போக வர ஆறு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.04 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அதனால் ஏற்படும் இழப்பு 0.04 டெசிபல் அளவுதான். அரை டெசிபல் வேறுபாட்டையே கூர்ந்து கேட்டால்தான் உணர முடியும். மேலும், தகட்டைக் கழற்றியதால் இரு பகுதிகளும் பிரிந்துவிடுவதில்லை. இங்கே இருந்த சந்திப்பு மூன்று மீட்டர் தள்ளி ஆம்ப்ளிஃபையரின் டெர்மினலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

ஆயிரம் அடி ஆழத்தில் போர் மோட்டார் இறக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அங்கே கேபிள் மெலிந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்ட் குறைந்து அதன் கம்பிச்சுருள் கருகும், ஆகவே தடித்த கேபிள் கட்டாயம். வரவேற்பறையின் மூன்று மீட்டருக்கு அந்தக் கவலை எதற்கு?

இவ்வளவு பேசும் நானும் மூவாயிரம் ரூபாய்க்கு இரண்டாவது ஜோடி வயர் வாங்கி மாட்டியவன்தான். மாட்டிய அன்று உருமியின் இழுவையும் நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயியும் துலங்கிக் கேட்டன, மகிழ்ந்துபோனேன். இந்தக் காணொளிக்காகப் பழையபடி ஜம்பரை மாட்டியபோதும் அதே துலக்கம் இருந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. முதல்முறை கழற்றியபோது தகடு கறுத்துப்போயிருந்தது, ஒரு நட்டு விரலால் தொட்டாலே சுழன்றது. அன்று தகட்டைத் துடைத்து எடுத்து வைத்திருந்தேன். இந்த முறை நட்டை இறுக்கியும் விட்டேன். உண்மையில் அன்று நான் கேட்டது இரட்டை வயரை அல்ல, தளர்ந்த இணைப்பு நீங்கியதையே. பிறகு மச்சானைப் பின்னால் உட்கார வைத்து, எனக்குச் சொல்லாமல் வயரை மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று கேட்டே ஊகித்துப் பார்த்தேன். காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அந்த அளவுக்குச் சரியாக வந்திருக்கும். அவர் சிரித்த சிரிப்பை வெட்டிவிட்டேன்.

ஆகவே வயர் சும்மா கிடந்தால் மாட்டுங்கள், கெடுதல் ஏதும் இல்லை. காசு கொடுத்து வாங்குவதானால் தடித்த ஒரே ஜோடி போதும். அதில் ஒரு சாண் நறுக்கித் தகட்டுக்குப் பதிலாக முறுக்கிவிட்டால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டு ஆம்ப்ளிஃபையர்களைத் தனித்தனியே கொடுக்கும் பை-ஆம்பிங் முறையில் ஜம்பரைக் கழற்றாவிட்டால், ஒன்றின் அவுட்புட் மற்றொன்றின் அவுட்புட்டோடு நேரடியாக மோதி ஆம்ப்ளிஃபையரே புகைந்துவிடக்கூடும்.

மிச்சமான அந்த மூவாயிரம் ரூபாய் வயர் இப்போது திண்ணை வரை நீண்டு, காய் உரிப்பவர்கள் பாட்டுக் கேட்கும் பழைய பெட்டிக்குப் போகிறது.