வராத சிவப்பு அலை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் 2022 நவம்பரில் நடந்த தேர்தலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது நமக்குப் பழக்கமான இடைத்தேர்தல் இல்லை. அதிபரின் நான்காண்டுப் பதவிக் காலத்தின் நடுவே வரும் இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் வாக்களிப்பார்கள். வாக்குச்சீட்டில் அதிபரின் பெயரே இருக்காது. ஆனாலும் அடி அவருக்குத்தான் விழும். 2010இல் அதிபர் ஒபாமாவின் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைப் பறிகொடுத்தது.

2022இல் அதிபராக இருந்த ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கும் அதே கதிதான் என்று எல்லாரும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம்; நாற்பது ஆண்டுகளில் அவ்வளவு உயர்ந்ததில்லை. பெட்ரோல் ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர், ஐந்து டாலரைத் தொட்டது. குடியரசுக் கட்சியின் நிறம் சிவப்பு என்பதால் ‘சிவப்பு அலை’ வருகிறது என்றார்கள்.

வந்தது அலையில்லை, காலை நனைக்கும் தண்ணீர்தான். குடியரசுக் கட்சி 222, ஜனநாயகக் கட்சி 213. சபை கைமாறியது உண்மை. ஆனால் செனட்டின் நூறு இடங்களில் பைடன் பக்கத்துக்கு ஓரிடம் கூடி 51 ஆனது. மக்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சபையை இழந்தவர் வீட்டில் கல்யாணக் களை, பிடித்தவர் வீட்டில் எழவு விழுந்த மாதிரி. டிரம்ப் கைகாட்டிய வேட்பாளர்களால்தான் கெட்டது என்று சொந்தக் கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். பென்சில்வேனியாவில் மெஹ்மெத் ஓஸ், ஜார்ஜியாவில் ஹெர்ஷல் வாக்கர் என்று செனட் வேட்பாளர்கள் தோற்றிருந்தார்களே. கைக்கு வந்த சபையிலும் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க ஜனவரியில் 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது.

சரி, மக்கள் மனத்தில் என்னதான் இருந்தது? வாக்குச்சாவடியை விட்டு வந்தவர்களிடம் கேட்டபோது, முக்கியப் பிரச்சினை விலைவாசி என்றவர்கள் 31 சதவீதம், கருக்கலைப்பு என்றவர்கள் 27 சதவீதம். அந்த ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கு நாடு முழுவதும் இருந்த அரசியல் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. ஆனால் என்னை உட்கார வைத்த கணக்கு வேறு. பைடனை ‘ஓரளவு பிடிக்கவில்லை’ என்று சொன்னவர்களில் அவர் கட்சிக்குப் போட்டவர்கள் 49 சதவீதம், எதிர்க்கட்சிக்கு 45. வழக்கமாக இந்த ஆட்கள் எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அதிபர்மேல் எரிச்சல்; ஆனால் எதிரே நிற்பவரைப் பார்த்தால் பயம்.

நியூயார்க்கில் நிலைமை தலைகீழ். அங்கே கருக்கலைப்பு உரிமைக்கு மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது. ஆபத்து வாசலுக்கு வராததால் பேச்செல்லாம் குற்றங்களைப் பற்றித்தான் என்பது என் கணிப்பு. சபைத் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் பிரசாரத்தை நடத்திய ஷான் பேட்ரிக் மலோனியே அங்கே தன் தொகுதியில் தோற்றார்.

அப்புறம் கென்டக்கி. பழுத்த சிவப்பு மாநிலம். குடியரசுக் கட்சியின் செனட்டர் ராண்ட் பால் அங்கே 61 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். அதே நாள், அதே சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது: மாநில அரசியல் சட்டத்தில் கருக்கலைப்பு உரிமை கிடையாது என்று எழுதிவிடலாமா? 52 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். கூட்டிப் பாருங்கள், நூற்றைத் தாண்டுகிறது. அப்படியானால் நூற்றில் பத்துப் பேருக்குக் குறையாமல் ராண்ட் பாலுக்கும் போட்டு, ‘வேண்டாம்’ என்றும் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வாசலில் நிறுத்தி, ‘எந்தப் பிரச்சினைக்காக வாக்களித்தீர்கள், ஒன்றே ஒன்று சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர் எதைச் சொல்வார்?

நன்றி, வணக்கம்.