எந்த அறையில் படுப்பீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். அங்கே பேரிடர் ஆயத்தக் குழுவில் நானும் ஒரு தன்னார்வலர். இதைச் சொன்னதும் பலர் மனதில் தலைக்கவசம், கயிறு, ஏணி எல்லாம் வந்துவிடும். "எழுபது வயசுக்கு மேல நமக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று நேராகவே கேட்டவர்கள் உண்டு. ஆனால் எங்கள் வேலையில் முக்கால்வாசி, கதவைத் தட்டி, உட்கார்ந்து பேசி, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதுதான். அந்த நோட்டைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1995 ஜனவரி 17, விடிவதற்கு முன் 5 மணி 46 நிமிடம். ஜப்பானில் கோபே நகரத்தையும் சுற்று வட்டாரத்தையும் நிலநடுக்கம் தாக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் அறுபது வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் பெரும்பாலோரை இழுத்து எடுத்தது யார் தெரியுமா? வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். ஒரே நேரத்தில் ஊர் முழுக்க விழுந்து கிடக்கும்போது தீயணைப்பு வண்டி எத்தனை வீட்டுக்குப் போக முடியும்?

நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில், அவாஜி தீவில் ஹொகுடான் என்று ஒரு சிற்றூர். அங்கே ஏறக்குறைய முந்நூறு பேர் மண்ணுக்கும் மரத்துக்கும் அடியில் சிக்கினார்கள். ஊர்க்காரர்களும் உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினரும் சேர்ந்து அன்றைக்கே தேடலை முடித்துவிட்டார்கள். காரணம், எந்த வீட்டுப் பெரியவர் எந்த அறையில் படுப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீடு முழுவதையும் தோண்ட வேண்டியிருக்கவில்லை, அந்த மூலைக்கு நேரே போனார்கள். இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் மாடியிலேயே இருந்த எட்டு வீடுகளில், இரண்டு வீட்டைப் பற்றிக்கூட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்படித்தான் நோட்டு தொடங்கியது. இரவில் எந்த அறை? படுக்கும்போது காது கருவியைக் கழற்றி வைப்பீர்களா? அப்படியானால் அபாய மணி அடித்தால் கேட்காதே, யார் வந்து தொட்டு எழுப்புவது? படியில் தனியாக இறங்க முடியுமா, ஒரு கை பிடித்தால் போதுமா, தூக்கித்தான் ஆக வேண்டுமா? மாற்றுச் சாவி யாரிடம்? வெளியூரில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

கேட்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். வயதானவர்கள் தங்கள் இயலாமையை மறைப்பதில் பெரிய திறமைசாலிகள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று முறை "எனக்கு ஒண்ணும் இல்லை சார், நல்லாத்தான் இருக்கேன்" என்று அனுப்பிவிட்டார். நான்காவது முறை நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு இருட்டில் படி தெரியாது, மின்சாரம் போனால் நடுப்படியில் நின்றுவிடுவேன் என்று என் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், இடது காது முழுவதுமாகப் போய்விட்டது, பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது என்றார். அன்றிலிருந்து, நம் பலவீனத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவருடையதைக் கேட்பது என்று வழக்கமாக்கிக்கொண்டோம்.

இப்படி நம்பிக் கொடுத்த விவரத்தைக் கண்ணியமாக வைத்திருக்கவும் வேண்டும். எங்கள் நோட்டு காகிதத்தில்தான் இருக்கிறது. இரண்டே பிரதிகள், இரண்டும் பூட்டிய இடத்தில். கைபேசிக் குழுவில் ஒரு வரிகூடப் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகிறோம். நம் வயதில் மூன்று மாதம் நீண்ட காலம். முழங்கால் அறுவை நடந்திருக்கும், கூட இருந்தவர் போயிருப்பார்.

பேரிடர் என்றால் புயல், நெருப்பு, வெள்ளம் என்றே பேசுகிறோம். முதியோருக்கு அதைவிட ஆபத்தானது பல சமயம் அதற்குப் பிறகு வரும் மின்வெட்டுதான். 2017-இல் இர்மா புயல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கியது. அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் கட்டடத்துக்குப் புயலால் ஒன்றும் ஆகவில்லை. குளிர்சாதன அமைப்புக்கு வந்த மின்சாரம் மட்டும் நின்றது. அடுத்தடுத்த நாட்களின் வெக்கையில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அருகிலேயே ஒரு மருத்துவமனை இருந்தது! அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் சில நாட்கள் அடித்த வெயிலில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் நிறையப் பேர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். வெப்பம் சத்தம் போடாமல் வரும். உள்ளே இருப்பவருக்கே மயக்கம் வரும் வரை தெரியாது. அதனால் கடும் வெயில் நாட்களில் தனியாக இருப்பவர்களைக் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கிறோம். தொலைபேசியில் "நல்லா இருக்கேன்" என்பார்கள். முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

மின்சாரம் என்றதும் நோட்டில் இன்னும் இரண்டு கேள்விகள் சேர்ந்தன. ஆக்சிஜன் தரும் கருவி வீட்டில் இருக்கிறதா? இருந்தால், மின்சாரம் நின்றதும் மாற்ற சிலிண்டர் உண்டா, அது எத்தனை மணி நேரம் வரும்? குளிர்பெட்டியில் வைக்கும் மருந்து உண்டா? பல வகை இன்சுலினை 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வைக்கலாம். ஆனால் வகைக்கு வகை மாறும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்று மருந்தாளுநரிடம் இன்றைக்கே கேட்டு, பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். அவசரப் பையைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், நான் நீட்டவில்லை. ஒரு வார மருந்து, பழைய மூக்குக் கண்ணாடி, காது கருவிக்குப் பேட்டரி, டார்ச், விசில். இவை கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நல்ல மனசு இருக்கிறதே, பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 1985-இல் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தின்போது பயிற்சியே இல்லாத பொதுமக்கள் ஓடிப் போய் எண்ணூறு பேர் வரை காப்பாற்றினார்கள். அந்த முயற்சியில் அவர்களிலேயே நூறு பேர் வரை உயிரிழந்தார்கள். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை, சாதாரணக் குடிமக்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 1993-இல் அது அமெரிக்கா முழுவதற்கும் போனது. முதலில் கற்றுத் தருவதே, உன்னைக் காப்பாற்றிக்கொள் என்பதுதான். நம் வயதில் இது இரண்டு மடங்கு உண்மை. நான் யாரையும் தூக்குவதில்லை, என் முதுகு அனுமதிக்காது. தூக்க வேண்டியவர் எந்த அறையில் இருக்கிறார் என்று வருகிற தீயணைப்பு வீரரிடம் சொல்வேன். அவருக்குத் தேடும் நேரம் மிச்சம்.

எங்கள் முதல் ஒத்திகை சரியாக நடக்கவில்லை. எல்லாரும் கீழே வந்துவிட்டோம் என்று நினைத்து எண்ணினால் ஒருவர் குறைந்தார். அவர் குளியலறையில் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பச்சை அட்டை கொடுத்தோம். நலமாக இருந்தால் அதை வெளிக் கதவில் மாட்ட வேண்டும். அட்டை இல்லாத கதவைத்தான் முதலில் தட்டுவோம். இதைச் சொன்னவர் படுக்கையிலேயே இருக்கும் ஒரு பெரியவர். தினமும் காலையில் பன்னிரண்டு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசுகிறவரும் அவர்தான். யாராவது எடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் எங்களில் ஒருவர் அந்த வாசலில் நிற்போம். அவரால் எழுந்து நடக்க முடியாது. ஆனால் அந்தக் குழுவில் அவரைவிட முக்கியமான ஆள் இல்லை.

உங்கள் குடியிருப்பில் குழு எதுவும் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். வலப்பக்கம் ஒரு வீடு, இடப்பக்கம் ஒரு வீடு. இன்று சாயங்காலம் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் மாடிக்குப் போன வாரம் ஒருவர் புதிதாகக் குடி வந்திருக்கிறார். அவர் எந்த அறையில் படுக்கிறார் என்று எனக்கு இன்னும் தெரியாது. இங்கிருந்து நேரே அங்கேதான் போகிறேன்.

நன்றி, வணக்கம்.