உங்கள் பிள்ளையின் போனில் பிள்ளைக்கு என்ன வயது?

(திரையில்: ஒரு கை, ஒரு போன், டிக்டாக் செட்டிங்ஸ் பக்கம்)

வணக்கம். வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு, பிள்ளை வைத்திருக்கும் போனை எடுத்து, டிக்டாக்கிலோ ஃபேஸ்புக்கிலோ பிறந்த தேதி என்று என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். 1990 ஜனவரி 1 என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதைப் போட்டது நானாகக்கூட இருக்கலாம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே மியான்மரில், ரங்கூனில் ஒரு காலத்தில் சிம் கார்டு வாங்குவது நகை வாங்குவது மாதிரி. 2014-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் இரண்டு வந்ததும் 1500 கியாட்டுக்கு சிம் கிடைத்தது, ஊரே போனுக்கு மாறியது. நான் அப்போது டவுனில் ஒரு போன் கடையில் கவுன்டரில் நின்றவன். போன் வாங்குகிறவர்கள் கையோடு "தம்பி, அதையும் போட்டுக் கொடுத்துவிடு" என்பார்கள். அது என்றால் ஃபேஸ்புக். அவர்களிடம் ஈமெயில் இருக்காது, பாஸ்வேர்டு என்றால் என்னவென்று தெரியாது, பின்னால் வரிசை நிற்கும், அதனால் ஈமெயிலும் நாங்களே உண்டாக்கி, வாய்க்கு வந்த பாஸ்வேர்டு, கைக்கு வந்த தேதி. கைக்கு முதலில் வருவது ஜனவரி 1. இன்றைக்கும் புத்தாண்டு அன்று என் போனைத் திறந்தால் பாதி ரங்கூனுக்குப் பிறந்தநாள்.

அந்தப் பழக்கம் அப்படியே பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. அம்மாவின் பழைய கணக்கு, இல்லையென்றால் மாமாவுடையது, அதுவும் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது.

(திரையில்: ஒரே போன், இரண்டு பிறந்த தேதிகள்)

இதில் என்ன கெட்டுவிட்டது என்றால், நிறையக் கெட்டுவிட்டது. டிக்டாக்கில் 16 வயதுக்குக் கீழே என்றால் கணக்கு முதலிலிருந்தே பிரைவேட்டாக இருக்கும், தனி மெசேஜ் யாரும் அனுப்ப முடியாது. 18-க்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு 60 நிமிடம் ஆனதும் நிறுத்தி, தொடர வேண்டுமென்றால் பாஸ்கோடு கேட்கும். இன்ஸ்டாகிராமில் 2024 செப்டம்பரிலிருந்து பதின்ம வயதுக்காரர்களுக்குத் தனி வகைக் கணக்கு. அதில் முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழே இருப்பவர் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். இந்தப் பூட்டெல்லாம் பெரும்பாலும் அந்தப் பிறந்த தேதியை வைத்துத்தான் விழுகிறது. நாம் பிள்ளையை முப்பது தாண்டியவனாக உட்கார வைத்துவிட்டு, "டிக்டாக்கில் கண்டதெல்லாம் வருகிறது" என்று புலம்புகிறோம்.

சரி, எப்படித் திருத்துவது? பிள்ளைக்கு 13 ஆகவில்லை என்றால் திருத்த ஒன்றுமில்லை, அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள். இந்த ஆப்கள் எதுவும் 13-க்குக் கீழே கணக்கு தருவதாகச் சொல்லவில்லை. 13 தாண்டியிருந்தால் உண்மையான தேதியோடு புதிதாக ஒன்று திறப்பதுதான் சுலபம். பழையதில் இருந்த லைக்கெல்லாம் போய்விடும், பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாமல் முறைக்கும். முறைக்கட்டும்.

(திரையில்: மூடிய வண்டி ஒன்று சந்துக்குள் போகிறது)

அடுத்தது விபிஎன், அதாவது முடக்கிய தளங்களைத் திறக்க நாம் போடுகிற ஆப். 2021 பிப்ரவரியில் இங்கே ஃபேஸ்புக் முடக்கப்பட்ட பிறகு இந்த மூன்றெழுத்து நம் வீட்டு அப்பத்தாவுக்குக்கூடத் தெரியும். இதன் சட்டப் பக்கத்தை நான் இங்கே பேசப்போவதில்லை, ஏன் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சந்து முனையில் ஒரு காவலர் உட்கார்ந்து, போகிற வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்து விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விபிஎன் என்பது நான்கு பக்கமும் துணி போட்டு மூடிய வண்டி. உள்ளே அரிசியா சாராயமா என்று காவலருக்குத் தெரியாது. நீங்கள் வீட்டு வைஃபையில் ஆபாசத் தளங்களைத் தடுத்து வைத்திருந்தாலும் அந்தத் தடுப்புதான் இந்தக் காவலர், விபிஎன் போட்ட உடனே அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். போதாததற்கு, ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். பிள்ளைகளுக்கான சில தடுப்பு ஆப்களும் விபிஎன் மாதிரியே வேலை செய்வதால், வேறு விபிஎன்னைப் போட்டால் அந்தத் தடுப்பு ஆப் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

இன்னொன்று, அந்த வண்டிக்காரர் யார்? இலவச விபிஎன் நடத்துகிறவருக்கும் சர்வர் செலவு உண்டு, அதை விளம்பரத்தில் எடுக்கிறார். கனெக்ட் ஆகும் ஒவ்வொரு தடவையும் வரும் சூதாட்ட விளம்பரத்தைப் பெரியவர்கள் பார்க்காமலே மூடிவிடுவோம், எட்டு வயதுப் பிள்ளை மூடாது, அதில் காசு விழுகிற சத்தம் வேறு வரும். அதனால் என் கருத்து, விபிஎன் பெரியவர்கள் போனோடு நிற்கட்டும்.

ஒரே போன்தான் வீட்டில் இருக்கிறது என்றால்? கொடுப்பதற்கு முன் விபிஎன்னை அணைத்துவிட்டு, அவனுக்கு வேண்டிய ஆப்பை மட்டும் திறந்து அதிலேயே பூட்டிக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் ஆப் பின்னிங் அல்லது ஸ்கிரீன் பின்னிங் என்று தேடுங்கள், ஐபோனில் கைடட் ஆக்சஸ். ஆண்ட்ராய்டில் வெளியே வரும்போது பின் நம்பர் கேட்கும்படியும் அங்கேயே போட்டுவிடுங்கள், அப்போதுதான் பின் நம்பர் இல்லாமல் வேறு ஆப்புக்குப் போக முடியாது. அந்த நம்பரைப் பிள்ளைக்குத் தெரியும்படி அடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

நேரக் கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, 2 முதல் 4 வயது வரை நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டு வீடியோக்களில் "இரவில் போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குங்கள்" என்பார்கள். நமக்கு ஹாலில் கரண்ட் எப்போது வரும் என்பதே சந்தேகம், நடுராத்திரி வந்தால் எழுந்து போய்ச் சொருகுகிறோம், அந்த வெளிச்சத்தில் பிள்ளையும் எழுந்து கொசுவலைக்குள் போனோடு உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இப்போது இரவில் சார்ஜ் ஏறுவது பவர் பேங்க்குக்கு மட்டும். போன் பெரியவர்கள் தலையணைக்குக் கீழே, காலையில் பவர் பேங்க்கிலிருந்து ஏற்றிக்கொள்கிறோம்.

(திரையில்: பள்ளிக்கூடப் பை, அதில் பர்மிய எழுத்தில் பெயர்)

நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். இது நல்ல பூட்டு. கேம் சாட்டில் ஒருவன் "உன் அப்பா அனுப்பினார்" என்று வந்தால், "வீட்டில் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று பிள்ளை திருப்பிக் கேட்கட்டும். ஆனால் கோயில் திருவிழாப் படத்தோடு அந்தப் பெயரையும் சேர்த்து நாமே ஊருக்குப் போஸ்ட் செய்திருந்தால் பூட்டும் போச்சு, சாவியும் போச்சு.

யாராவது பிள்ளையின் படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள், பிளாக் செய்யுங்கள். 18 வயதுக்குக் கீழே எடுத்த ஆபாசப் படமாக இருந்தால் டேக் இட் டவுன் என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டாம், உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் உண்டாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்கு அந்த எண்ணை மட்டும் கொடுக்கும். அவர்கள் அதை வைத்துத் தேடி எடுத்துவிடுவார்கள்.

என் மகளுக்கு ஒரு கேமில் ஒருவன் தொந்தரவு கொடுத்தபோது என்னிடம்தான் முதலில் வந்து சொன்னாள். நான் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டேன், ஏதோ பெரிய வேலை செய்த மாதிரி. அடுத்த தடவை என்னிடம் வரவில்லை, அப்பத்தாவிடம் போயிருக்கிறாள். அப்பத்தா ஒன்றையும் பிடுங்கவில்லை, "யாருடி அவன், காட்டு" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிளாக் பட்டன் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டியது அவள்தான்.