பிரேக் பெடலே இல்லாத ஹிட்டாச்சி எப்படி நிற்கிறது?

வணக்கம் மக்களே. மூக்கையூர் கடற்கரையில் நிற்கிறேன். காற்று பலம், மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிரெய்லரிலிருந்து ஒரு ஹிட்டாச்சி, அதாவது மண் தோண்டும் செயின் வண்டி, இறங்குகிறது பாருங்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் நமக்கு அது ஹிட்டாச்சிதான். சுமார் 20 டன் எடை, செங்குத்தான சாய்வு. ஆனால் ஆபரேட்டர் அண்ணன் காலடியில் பிரேக் பெடல் கிடையாது!

இதில் ஓட்டுவதும் ஆயில், நிறுத்துவதும் ஆயில். பம்ப் தள்ளும் ஆயில்தான் செயினை ஓட்டும் மோட்டாரைச் சுற்றுகிறது. சரிவில் வண்டியின் எடையே மோட்டாரை வேகமாக இழுக்கும். பம்ப் தரும் ஆயில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, உள்ளே வரும் பக்கம் அழுத்தம் விழுந்துவிடும். அங்கேதான் கவுண்டர்பேலன்ஸ் வால்வ் வேலை செய்கிறது. உள்பக்க அழுத்தம் இருந்தால்தான் அது திறந்திருக்கும். அழுத்தம் குறைந்ததும், வெளியே போகிற ஆயிலின் வழியைச் சுருக்கிவிடும். ஆயில் போக இடமில்லாவிட்டால் மோட்டார் எப்படி ஓடும்? எடை ஜெயிக்கப் பார்க்கும், வால்வ் விடாது.

இந்த வால்வை மோட்டாரோடு ஒட்டியே போல்ட் போட்டு வைத்திருப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. நம்ம உப்புக் காற்றில் ஓஸ் முனையெல்லாம் அரித்துப்போகும். சரிவில் பம்ப்பிலிருந்து வருகிற ஓஸ் வெடித்தாலும், வால்வுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வெடிக்க ஓஸே இல்லை. அழுத்தம் போனதும் வால்வ் மூடிக்கொள்ளும்.

சரி, நின்ற வண்டி அப்படியே நிற்குமா? ஆயிலை மட்டும் நம்பினால் நிற்காது. மோட்டாருக்குள் கொஞ்சம் ஆயில் கசிந்துகொண்டேதான் இருக்கும், வண்டி மெதுவாக ஊர்ந்துவிடும். அதற்குத்தான் தனியாக டிஸ்க் பிரேக். அதை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங், விலக்கிவிடுவதுதான் ஆயில். இன்ஜின் நின்றாலோ, ஆயில் முழுக்கப் போனாலோ தானாகவே பிடித்துக்கொள்ளும். லாரி ஏர் பிரேக்கில் காற்று இறங்கினால் வண்டி நகராது இல்லையா, அதே கணக்குதான்.

ஆனால் அந்த டிஸ்க், நின்ற வண்டியைப் பிடிக்கத்தான். ஓடும்போதே அதன்மேல் பாரம் விழுந்தால் தேய்ந்துவிடும். அதனால் சரிவில் வண்டியை ஓட்டும் லீவரைப் பட்டென்று விடாதீர்கள், மெதுவாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம், பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் முன் மேனுவலைப் பாருங்கள். பிரேக் பிடித்தபடியே இழுத்தால் டிஸ்க் கருகிவிடும்.